மேலே வராத ஆமை

ஆலங்காட்டின் நடுவே ஒரு பெரிய குளம். அந்தக் குளத்தின் அடியில் ஒரு ஹாக்கி சங்கம் இருந்தது!

ஆமாம், தண்ணீருக்கு அடியில்தான். மூச்சை அடக்கிக்கொண்டு முங்க வேண்டும். வாயில் கவ்விய சிறு குச்சியால், தரையோடு தரையாக ஒரு தட்டைக் கல்லைத் தள்ளிக்கொண்டு போய் எதிரணியின் குழியில் போட வேண்டும். மீன்களுக்கு இதில் இடமில்லை. மூச்சு வாங்க மேலே வரவே தேவையில்லாதவர்களோடு என்ன போட்டி? இன்னொரு விதியும் உண்டு. ஆட்டம் முடியும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது!

சங்கத்தைத் தொடங்கியவர்கள் மூன்றே பேர். ஆமை தணிகாசலம், நீர்நாய் வேலப்பன், முக்குளிப்பான் பறவை பூவாயி. பிறகு தவளைகள் வந்தன, நீர்க்காகங்கள் வந்தன, எருமைக் கன்று ஒன்றுகூட வந்து சேர்ந்தது. கரையில் வேடிக்கை பார்க்கவும் கூட்டம் கூடியது.

‘எல்லாம் என்னால்தான்’ என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டது.

அதன் மூச்சு அப்படி! மற்றவர்கள் பலமுறை மேலே போய்த் திரும்பும்வரை அது கீழேயே கிடக்கும்; கரையிலிருப்பவர்கள் அதன் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். கல் அதனிடம் வந்துவிட்டால் அவ்வளவுதான், வேறு யாருக்கும் தராது. கடைசிவரை தானே தள்ளிக்கொண்டு போகும்.

பூவாயி நேர்மாறு. முங்கிய சற்று நேரத்தில் அதற்கு மூச்சு முட்டும். பக்கத்தில் யார் இருந்தாலும், நேற்று சேர்ந்த தவளையே ஆனாலும், கல்லை அதனிடம் தள்ளிவிட்டு மேலே பாயும். “நம்ம தவளை கீழே என்ன போடு போடுது தெரியுமா!” என்று கரையைப் பார்த்துக் கத்தும். சிரிக்கும். மறுபடி முங்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கரையிலிருப்பவர்களுக்கும் குதிக்கத் தோன்றும்.

அந்த வருடம் மலைக்குளத்து அணியோடு ஆட்டம் முடிவானது. அணிக்கு ஒரு தலைவர் வேண்டும். தணிகாசலம் அந்தப் பதவியின் மேல் உயிரையே வைத்திருந்தது. முதுகோட்டை மணல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தது.

எல்லோரும் ஒரே குரலில், “பூவாயி!” என்றார்கள்.

“பூவாயியா? நாலு எண்ணுறதுக்குள்ள அதுக்கு மூச்சு முட்டுமே!” என்று தணிகாசலம் கொதித்தது.

“கோவிச்சுக்காதீங்க அண்ணே,” என்றது வேலப்பன். “எங்களையெல்லாம் கல்லைத் தொட விடுறது அதுதானே?”

கரையில் நின்ற கீரிப்பிள்ளை முயலிடம் கேட்டது. “யாரு இந்த ஆமை? இதுவும் ஆடுதா?”

அது தணிகாசலத்தின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. “இனி உங்க சங்கமும் வேணாம், சகவாசமும் வேணாம்!” என்று கத்திவிட்டுப் போய்விட்டது.

குளத்தின் வடக்கு மூலையில் அது ஒரு புதுச் சங்கம் தொடங்கியது. நீண்ட மூச்சு உள்ளவர்களுக்கு மட்டும்! வேறு இரண்டு ஆமைகள் சேர்ந்தன. கல் கிடைத்த ஆமை அதன் மேலேயே படுத்துக்கொள்ளும். யாரும் யாருக்கும் தரவில்லை. யாரும் மேலே வரவும் இல்லை.

“இங்க ஏதோ சங்கமாமே?” என்று கேட்டுக்கொண்டு முயல் வந்தது.

“வெறும் தண்ணிதான் இருக்கு. வா, போகலாம்,” என்றது கீரிப்பிள்ளை.

சலித்துப்போன இரண்டு ஆமைகளும் பாறையில் வெயில் காயப் போய்விட்டன. தணிகாசலம் தன்னந்தனியாகக் கல்லைத் தள்ளிக் குழியில் போட்டது. “கோல்!” என்று கத்தியது. சில குமிழிகள் மட்டும் மேலே போயின.

மறுகரையில் மலைக்குளத்து அணியோடு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சிரிப்பும் கூச்சலும் தண்ணீர் வழியாகக் கேட்டன. தணிகாசலத்துக்கு அழுகை வந்துவிட்டது. ‘இவ்வளவு மூச்சை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்?’ வெட்கத்தை விட்டு அந்தப் பக்கம் நீந்தியது.

அங்கே பூவாயி கல்லோடு மூச்சு முட்டித் தவித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் எதிரணி. தணிகாசலத்தைக் கண்டதும் பழைய கோபம் எதையும் காட்டாமல் கல்லை அதனிடம் தள்ளிவிட்டு மேலே பாய்ந்தது.

குழி பக்கத்திலேயே இருந்தது. தானே போட்டுவிடலாம். ஆனால் அருகில் ஒரு குட்டித் தவளை, கல்லையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. தணிகாசலம் கல்லைத் தவளையிடம் தள்ளியது. தவளை அதைக் குழியில் போட்டதும், மூச்சு இன்னும் நிறைய மிச்சம் இருந்தும் மேலே ஏறியது.

“கோல்! நம்ம தவளை போட்டுட்டான்!” தலையை நீட்டிக் கத்தியது. கரையே ஆர்ப்பரித்தது.

“அட, யாருப்பா இது? புது ஆளா?” என்றது கீரிப்பிள்ளை.

தணிகாசலம் கீரிப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்துவிட்டது.

“ஆமாங்க! இன்னைக்குத்தான் சேர்ந்தேன்!”

எல்லாவற்றையும் தானே செய்து முடிப்பவரால் அல்ல, அடுத்தவருக்கு இடம் விட்டு மகிழ்பவரால்தான் ஒரு கூட்டம் வளர்கிறது.