வாசலுக்கு வெளியே

பாளையங்கோட்டையில் ரெஜினா என்று ஒருவர் இருந்தார். கடிக்கிற நாய்களையும், ஆளைக் கண்டாலே மூலைக்குள் ஒடுங்குகிற நாய்களையும் வழிக்குக் கொண்டுவருவது அவர் வேலை.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் மாசானம். போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரெஜினாவைவிட மூத்தவர். ஆனாலும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ரெஜினாவுக்கு அவர் அண்ணாச்சி.

அந்த மாசியில் மாசானம் ஒரு நாயை இழந்தார். ஒரு வீட்டுக்காக அவர் பழக்கிவந்த நாய், பெயர் செம்பன். மழைக்காலம் முழுக்க அதோடு கிடந்தார். தேறி வருகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு நாள் அது அந்த வீட்டுப் பெண் குழந்தையின் கன்னத்தைக் கடித்துவிட்டது. டாக்டரும் வீட்டுக்காரர்களும் பேசி, ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு மாசானம் போனை எடுக்கவில்லை. மெலிந்துபோனார். ரெஜினா வீட்டுப் பக்கம் வந்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஒரு வேலையை ஒப்படைப்பதற்கு.

"சாந்தி நகர்ல ஒரு வீடு, டீச்சர். நாய் பேரு சிப்பி. வீட்டுக்காரர் இறந்ததுலேருந்து அவர் கட்டிலுக்கு அடியிலயே கிடக்கு. அந்தம்மாவைப் பக்கத்துல விடமாட்டேங்கு. கையைக் கடிச்சிட்டு. நீங்க பாத்துக்கிடுங்க."

"நீங்க பாக்கலையா?"

"என்னால முடியாது. எங்க தப்பு பண்ணினேன்னு இன்னும் தெரியல. தெரியாம அடுத்த நாய்கிட்ட எப்படிப் போக?"

ரெஜினா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, நானும் வாரேன்."

இருவரும் பஸ்ஸில் போனார்கள். அந்த வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரம் நின்றது. ரெஜினா அதன் அடியில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தார்.

"டீச்சர், வீடு இங்க இருக்கு."

"தெரியுது. நீங்க போங்க. நான் இங்க இருக்கேன்."

மாசானம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ரெஜினா எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. தனியாகவே கதவைத் தட்டினார்.

வீட்டுக்காரம்மா சண்முகவடிவு கதவைத் திறந்தார். வலது கையில் கட்டு. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை வாரான். எங்கயாவது கொண்டுபோய் விட்டுருவோம்கான். எனக்கு மனசில்ல. ஆனா அது என்னைப் பாக்குற பார்வையே மாறிட்டு. அவுக போனதுக்கு நான்தான் காரணம்னு நினைக்குதோ என்னமோ."

மாசானம் அறைக்குள் போய், கதவோரம் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்கார்ந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து உறுமல் வந்தது.

அந்தச் சத்தத்துக்கு மேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

ரெஜினா கல்லில் சற்று நகர்ந்து இடம் விட்டார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மாசானம் உட்கார்ந்தார். தெருவில் ஒரு காய்கறி வண்டி போனது.

"செம்பன் தலையை நான்தான் பிடிச்சிருந்தேன், டீச்சர்" என்றார்.

"ம்."

"ஊசி போடப் போறாங்கன்னு அதுக்குத் தெரியாது. நான் இருக்கேன்னு தைரியமாப் படுத்திருந்துச்சு. என் கையை நக்கிச்சு."

ரெஜினா அவர் முதுகில் கையை வைத்தார். மாசானம் அழுதார். வருஷக்கணக்கில் காக்கிச்சட்டை போட்ட மனுஷன், நடுத்தெருவில் சத்தம் வர அழுதார். ரெஜினா கையை எடுக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். தானாகவே எழுந்து மறுபடி உள்ளே போனார்.

இந்தத் தடவையும் சிப்பி உறுமியது. அவர் உட்கார்ந்தே இருந்தார். ஜன்னல் வழியாக வேப்பமரமும் கல்லில் இருந்தவரின் சேலைத் தலைப்பும் தெரிந்தன. கொண்டுவந்திருந்த அவித்த கோழித் துண்டு ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டார். நெடுநேரம் கழித்து நாய் அதைத் தின்றது. அடுத்த துண்டு கொஞ்சம் தள்ளி விழுந்தது. அதை எடுக்க சிப்பி எழுந்தது.

அது எழுந்த விதத்தை மாசானம் பார்த்தார். முன்னங்கால்கள் எழுந்தன. இடுப்பு எழவில்லை. இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமலே இழுத்து வந்தது.

"அம்மா, கடிச்ச அன்னைக்கு நீங்க எந்தப் பக்கமாப் போய் அதைத் தூக்கப் பாத்திய?"

"கதவுப் பக்கந்தான். அதோட இடது பக்கம்."

"அது கட்டிலைக் காக்கல. இடுப்பைக் காக்குது. வலி தாங்காம ஒதுங்கிக் கிடக்கு. கடிச்சது உங்க மேல உள்ள கோவத்துல இல்ல."

சண்முகவடிவு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ என்னை வெறுக்கலையா?"

"இல்லம்மா. அதுக்கு வலிக்கு."

அதைத் தொட வேண்டாம், குனிய வேண்டாம், தீனியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லிப் போன் செய்தார். கிளம்பும் நேரம் சிப்பி கட்டிலுக்கு அடியிலிருந்து முழுசாக வெளியே வந்து, சண்முகவடிவின் காலடியில் கிடந்த கோழித் துண்டை எடுத்தது. எடுத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. அந்த அம்மா மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.

இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பதை அந்த வாரமே டாக்டர் கண்டுபிடித்தார். மருந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனார். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு மாசானம் வெளியே வந்தபோது வெயில் ஏறி, மரநிழல் கல்லைவிட்டு நகர்ந்திருந்தது. ரெஜினா அங்கேயேதான் இருந்தார். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"உள்ள வரல. நாயைப் பாக்கல. எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரல. எதுக்கு இவ்வளவு தூரம் வந்திய?"

ரெஜினா சேலையில் ஒட்டியிருந்த வேப்பம்பூவைத் தட்டிவிட்டார்.

"நாளைக்கு வண்ணாரப்பேட்டையில எனக்கு ஒரு நாய் இருக்கு, அண்ணாச்சி. போன வாரம் கேட் வரைக்கும் போனேன். திறக்கக் கை வரல. திரும்பி வந்துட்டேன்" என்றார். "நாளைக்கு நீங்க வந்து வெளிய உட்காருவியளா?"