தலைவர் வீட்டு ஒரிஜினல்

ரயில்வே காலனி கிளப்பின் தலைவர் டெஸ்மண்டுக்கு ராக் அண்ட் ரோல் என்றால் தன் வீட்டு இசைத்தட்டு மட்டும்தான். அதே பாட்டைப் பிற்பாடு எந்தக் கொம்பன் பாடினாலும் அவருக்கு அது எச்சில் சோறு.

கிறிஸ்துமஸ் நடனத்துக்குப் பாடவிருந்த லவீனாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினார். “ஒரிஜினல்ல இருக்கிறது அப்படியே வரணும். மயிரிழை மாறினாலும் உன் பேண்டுக்கு இனி இங்கே மேடை கிடையாது.”

“அப்படியே வரும் சார்.”

நடனத்தன்று லவீனா அச்சு அசலாகத்தான் பாடினாள். இரண்டாம் சரணத்தில் ஒரு வரி வந்தது. மறுபடியும் அதே வரி. மறுபடியும், மறுபடியும். பேண்டும் விடாமல் அதையே வாசித்தது. ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கிறுகிறுத்துப் போனார்கள்.

“என்ன கூத்து இது? அடுத்த வரிக்குப் போ!” என்று கத்தினார் தலைவர்.

“உங்க தட்டு அந்தக் கீறல்ல இப்படித்தானே சார் மாட்டிக்கிச்சு? நீங்க எழுந்துவந்து முள்ளைத் தட்டின பிறகுதானே நகர்ந்துச்சு? வாங்க, வந்து தட்டுங்க.”

மண்டபமே சிரிக்க, தலைவர் மேடையேறி மைக்கைத் தட்டினார். பாட்டு நகர்ந்தது.

அவர் இறங்கப் போனார். லவீனா விடவில்லை.

“நில்லுங்க சார், மூணாவது சரணத்துல இன்னொரு கீறல் இருக்கு.”