மாயக்காள் படுக்க வைத்த கம்பளிச் சட்டை

அந்தக் காலத்தில் ஆடு பேசும், குருவி பேசும், மழை வருவதற்கு முன்னால் தவளை வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போகும். மனிதர்கள்தான் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசினார்கள். அப்போது மேகம் வந்து முட்டும் ஒரு மலையில் மாயக்காள் என்று ஒருத்தி இருந்தாள். எல்லா ஊரிலும் கெட்டிக்காரிகள் உண்டு. பலருக்கு அது வாயில் இருக்கும். மாயக்காளுக்குக் கையில் இருந்தது.

கார்த்திகையில் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஏழாம் மாதத்துப் பிள்ளை. நெஞ்சு ஒரு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மார்கழி பிறந்துவிட்டால் அந்த மலையில் உறைபனி கொட்டும்; விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். மாயக்காள் பழஞ்சேலையைச் சுற்றிப் பார்த்தாள், பிள்ளை காலை உதைத்ததும் அது நழுவியது. இறுக்கிக் கட்டினால் பிள்ளைக்கு மூச்சுத் திணறியது. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் ஒரு சட்டை இல்லையென்றால் பிள்ளை மார்கழியைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நேரே ஆடுகளிடம் போய்க் கேட்டாள்.

"புள்ளைக்குன்னா ஆளுக்கு ஒரு பிடி ரோமம் தாரோம், மாயக்கா. அதுக்கு மேல கேக்காத. எங்களுக்கும் மார்கழிதான்" என்றது மூத்த ஆடு.

அந்த ஒரு பிடி, ஒரு பிடியைச் சேர்த்து நூலாக நூற்றாள். பின்னுவதற்கு? மலை முழுக்கத் தேடினாலும் பின்னல் தெரிந்தவன் ஒருவன்தான், தூக்கணாங்குருவி. அந்த இனத்தில் ஆண் பின்னும். பெண் வந்து பார்த்துக் குறை சொல்லும். அதனால் ஆண்களுக்கு வேலை சுத்தம்.

"அண்ணே, புள்ளைக்கு ஒரு சட்டை வேணும். ஒடம்பப் புடிச்சாப்புல இருக்கணும். மார்கழிக்கு முன்னால குடுத்துருங்க" என்றாள்.

"அளவு எடுத்தாச்சு தாயி, நீ போ" என்றது குருவி. எட்டு நாள் அது சோறு தண்ணி பார்க்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சட்டையை அதற்கு முன்னால் யாரும் கண்டதில்லை. கண்ணி கண்ணியாகக் கோத்து, கழுத்தில் ஒரு சுருக்கு வைத்து, பிள்ளையின் முழங்கை மடங்கும் இடத்தில்கூட இளக்கம் கொடுத்துப் பின்னியிருந்தது.

முடித்த அன்றைக்கே கொடுத்திருக்கலாம். குருவிக்கு மனசு வரவில்லை. நாலு பேர் பார்க்கட்டுமே என்று தோன்றியது. ஆட்டு வாடை போகச் சட்டையை ஓடையில் முக்கி எடுத்து, அந்த ஈரத்தோடே இரண்டு தோளையும் பிடித்துக் கிளை நுனியில் தொங்கவிட்டது. தூக்கணாங்குருவிக்கு எதையும் தொங்கவிட்டுத்தான் பழக்கம். அது பிறந்ததே தொங்கும் வீட்டில். புல்லில் பின்னிய கூடு வருடக்கணக்கில் தொங்கினாலும் ஒரு விரற்கடை இளகாது.

மூன்று நாள் சாரல். அணிலும் மைனாவும் காட்டுக்கோழியும் வந்து சட்டையைப் பார்த்து வாயைப் பிளந்தன. இரண்டாம் நாள் சட்டை கொஞ்சம் நீண்டிருந்தது. மூன்றாம் நாள் இன்னும் நீண்டது.

"பாத்தீகளா, என் வேலைப்பாடு தானே வளருது! புள்ளை வளர வளர இதுவும் வளரும்" என்று குருவி மார்தட்டியது.

பெண்குருவி வந்து ஒரு பார்வை பார்த்தது. "இது வளர்ச்சி இல்ல, வீக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மார்கழிக்கு முதல் நாள் காலையில் மாயக்காள் பிள்ளையோடு வந்தாள். சட்டையை எடுத்துத் தலைவழியே போட்டாள். கழுத்து தோளைத் தாண்டி இறங்கியது. கை இரண்டும் புடலங்காய் போலத் தொங்கின. பிள்ளை உள்ளேயே வழுக்கிக் கீழ்ப்பக்கம் வந்துவிட்டது.

ஈரக் கம்பளி புல்லைப் போல இல்லை, தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே இழுபட்டு நீளும் என்று குருவிக்கு அப்போதுதான் உறைத்தது. "பிரிச்சுப் பின்னிடுறேன் தாயி" என்றது.

"எத்தன நாளாகும்?"

"எட்டு."

வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. அப்படி இருந்தால் அன்றிரவே பனி நிச்சயம். குருவி தலையைத் தொங்கப் போட்டு அழுதது. மாயக்காள் ஒரு சொல் ஏசவில்லை. ஏசினால் தப்பென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் பாறையில் உட்கார்ந்து, ஒரு கண்ணியை விரலால் இழுத்து, விட்டுப் பார்த்தாள். கண்ணி மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பியது.

"நூலு சாகலண்ணே. அசந்து போயிருக்கு, அவ்வளவுதான். மூணு நாளா நிக்க வச்சா யாருதான் அசர மாட்டா? படுக்க வச்சா சரியாப் போகும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புள்ளை பெத்த ஒடம்பு எனக்கு எப்படித் திரும்புச்சுன்னு நெனக்கிறீக? படுத்துத்தான்."

வெதுவெதுப்பான நீரில் சட்டையை முக்கினாள். முறுக்கவே இல்லை, இரு கையாலும் அமுக்கி அமுக்கி நீரை எடுத்தாள். காய்ந்த சேலையில் வைத்துச் சுருட்டினாள். பிறகு வெயிலில் சுட்டிருந்த பாறைமேல் ஒரு துணியை விரித்து, சட்டையை அதில் படுக்க வைத்து, பிள்ளையைப் பக்கத்திலேயே கிடத்தி அளவு பார்த்து, ஓரங்களை உள்ளங்கையால் தட்டித் தட்டி உள்ளே கூட்டினாள். அடித்துணி ஈரமானதும் மாற்றினாள், திருப்பிப் போட்டாள், மறுபடி தட்டினாள். குருவி பாறைக்கே இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருந்தது. நானாக இருந்தால் பாதியில் அழுதிருப்பேன். பொழுது சாய்வதற்குள் சட்டை காய்ந்து, பிள்ளையின் அளவுக்கு வந்துவிட்டது.

அன்றிரவு பனி கொட்டியது. விடிந்ததும் முதல் ஆளாகக் குருவி வந்து எட்டிப் பார்த்தது. பிள்ளை வெதுவெதுவென்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

பங்குனியில் வெயில் ஏறியதும் மாயக்காள் சட்டையைக் கழற்றி அலசிக் காய வைத்தாள். "இனி இத எங்க மாட்டப் போற?" என்று கேட்டது குருவி.

"எங்கயும் மாட்டப் போறதில்ல" என்றாள். சட்டையின் கைகளை உள்பக்கம் மடக்கி, உடம்பை இரண்டாக மடித்து, பூச்சி அண்டாமல் வேப்பிலையும் வசம்பும் போட்ட மூங்கில் பெட்டியில் மேலாக வைத்தாள். அதன்மேல் பாரம் எதுவும் ஏற்றவில்லை. அந்தச் சட்டையை மூத்தவளுக்குப் பின்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் போட்டார்கள்.

குருவி அதற்குப் பிறகு கம்பளியைத் தொடவில்லை, புல்லோடு சரி. ஆனால் சாரலில் நீண்டு தொங்கிய அந்தக் கை மட்டும் அதன் மனசை விட்டுப் போகவில்லை போலும். கூட்டுக்கு அடியில் இன்றும் ஒரு நீளக் குழாயைப் பின்னித் தொங்க விடுகிறது.

நாமோ, அன்று முதல்தான் கம்பளிச் சட்டையை ஆணியில் மாட்டாமல் மடித்துப் படுக்க வைக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய ஓய்வு அதற்கும் வேண்டும் என்று, பெற்று எழுந்த ஒருத்திதான் நமக்குக் காட்டிக் கொடுத்தாள்.