நாற்பத்தொரு காலி வரிகள்

அன்று வகுப்பில் இருந்தவர்கள்: டேட்டா வேலை கற்றுக்கொடுக்கும் ஃபர்சானா, பி.இ. முடித்த மூவர், ஜவுளிக்கடையை விட்டு வந்த தங்கமாரி, நர்ஸ் வேலையை விட்டு வந்த தெரசம்மாள். ஆக ஆறு பேர்.

"எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தாச்சு. எனக்கு மட்டும் ஏன் மேடம் இல்ல?" என்றாள் தெரசம்மாள்.

மறுநாள் அவளுக்கு நேர்காணல். சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

"உங்க ஃபைல் சரியில்ல அக்கா."

"என் கணிப்புதான் தொண்ணூற்றாறு சதவீதம் சரியா வருது. நர்சுக்கு இதெல்லாம் எதுக்குன்னு நீங்களும் நினைக்கிறீங்க."

ஃபைலில் இருந்தது ஒரு மலைத் தாலுகாவின் கர்ப்பிணிகள் விவரம். யாருக்குப் பிரசவம் சிக்கலாகும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

"எத்தனை பேர் கொடுத்தேன்?"

"நானூற்றுப் பன்னிரண்டு."

"இப்ப?"

"முந்நூற்று எழுபத்தொண்ணு. மிச்சத்துல ஃபோன் நம்பர் காலி. எடுத்துட்டேன்."

ஃபர்சானா மேசையில் ஓங்கித் தட்டினாள்.

தெரசம்மாள் பின்வாங்கவில்லை. "பி.இ. படிச்ச இவங்க மூணு பேரும்தான் எடுத்தாங்க!"

"இவங்களுக்கு அந்த மலை தெரியாது. நீங்க அங்க பிரசவம் பார்த்தவங்க."

"அதை மறக்கத்தானே இங்க வந்தேன்!"

ஃபர்சானா சேர்க்கைப் பட்டியலைத் திரையில் திறந்தாள். தெரசம்மாளின் பெயருக்கு நேரே விரலை வைத்தாள்.

"கணினி அனுபவம். காலி. வெளியே போங்க."

"என்னது?"

"தங்கமாரி, உனக்கும் காலி. நீயும் போ."

"டீ குடிச்சிட்டு வரச் சொல்றீங்களா மேடம்?" என்றபடி தங்கமாரி எழுந்தாள். ஃபர்சானாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ஃபர்சானா இரண்டு வரிகளையும் நீக்கினாள்.

தெரசம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஒரு கட்டம் காலின்னா ஆளே இல்லைன்னு ஆயிடுமா? கண்ணு முன்னாடி நிக்கிறேன், தெரியலையா?"

அறை முழுக்கக் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

மெல்ல உட்கார்ந்தாள். தன் ஃபைலில் நீக்கிய நாற்பத்தொரு வரிகளையும் திரும்பக் கொண்டுவந்தாள். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இங்கெல்லாம் டவரே கிடையாது," என்றாள் தனக்குள். "பிரசவம்னா டோலி கட்டித்தான் தூக்கிட்டு வருவாங்க."

கணிப்பை மறுபடி ஓடவிட்டாள். எண்பத்தொன்றுக்கு இறங்கியது.

"இதைக் காட்டினா வேலை கொடுப்பாங்களா மேடம்?"

"தெரியாது," என்று சொல்லிவிட்டு ஃபர்சானா பேனாவைத் திறந்தாள்.

சான்றிதழில் கையெழுத்து விழுந்தபோது ஃபைலில் இருந்தவர்கள்: நானூற்றுப் பன்னிரண்டு.