எட்டுப் பேர் கேட்ட பாட்டு

பெரம்பூரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை ஒன்று இருந்தது. எப்சிபா அங்கே டெத் மெட்டல் கற்றுக்கொடுத்தாள். இடியும் உறுமலும் கலந்த இசை அது. அவள் கைக்குக் கிட்டாரும் பணியும், டிரம்ஸும் பணியும்.

டிரம்ஸ் கற்க வந்த இளம்பரிதி அவளைவிட மூன்று வயது மூத்தவன். ஆனாலும் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டான். கேலியாகத் தொடங்கியது, கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தன் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெரிய டிரம்மை அடிக்கும் கால் பெடலைத் துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டாயிற்று.

"வில்லிவாக்கத்துலருந்து ஆள் வராரு மாஸ்டர். மெல்லிசைக் குழு வெச்சிருக்காரு. செட்டை அவருக்கே குடுத்துடறேன்."

"நல்லதுதான். டிரம்ஸுக்காவது கல்யாணச் சாப்பாடு கெடைக்கும்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என எதிர்பார்த்திருந்தான். முகம் வாடியது.

"நேத்து நம்ம கச்சேரிக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு பார்த்தீங்களா?"

"நான் கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சேன்."

"எட்டுப் பேரு. அதுல ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவரு."

"அவரு கடைசி வரைக்கும் இருந்தாரே."

"மழை கடைசி வரைக்கும் பெஞ்சுது மாஸ்டர்."

எப்சிபா சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். 'படிச்ச புள்ள தகரத்தைத் தட்டிக்கிட்டுத் திரியுது' என்று அம்மா அவனிடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் சொல்வாள், அவன் காதில் விழுகிற மாதிரி.

"எட்டுப் பேரு கேக்கறதுக்காக ஒருத்தன் உசுரைக் குடுத்து வாசிக்கணுமா? குத்தலாக் கேக்கல. தெரியாமத்தான் கேக்கறேன்."

எப்சிபா துண்டில் சுற்றிய பெடலைப் பார்த்தாள்.

"அதை மாட்டு."

"ஆள் வர நேரம்..."

"மூணாவது பாட்டு, அந்த நடுப்பகுதி மட்டும். வாசிச்சுட்டு அப்புறம் கழட்டிக்க."

அது அவனுக்கு மிகவும் பிடித்த இடம். கிட்டாரும் குரலும் வெட்டினாற்போல் நின்றுவிடும். டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும். அந்த ஓட்டத்தில் ஒரே ஒரு முறை, வலது காலின் அடி கொஞ்சம் பிந்தி விழும். அப்புறம் எல்லாம் சேர்ந்து சரியும்.

அந்தத் தடுக்கலை முதலில் அவன் பிழை என்றே நினைத்தான். டக்டக்கென்று தாளம் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பழகி, அதைத் துடைத்து எடுத்துவிட்டுப் பெருமையாக வந்து வாசித்துக் காட்டினான். "அந்தத் தடுக்கலை எங்க தொலைச்ச? போய்த் தேடி எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

இப்போது பெடலை மாட்டி வாசித்தான். கால் இடறியது, சரியான இடத்தில். கீழே பாத்திரங்கள் கிணுகிணுத்தன.

"எம்மா, அண்டா உருளுதும்மா!" என்று கடைக்காரர் கத்தினார்.

"முடிஞ்சுதுண்ணே!" என்று கத்திவிட்டு, எப்சிபா ஒரு பழைய கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டாள்.

"யாரு மாஸ்டர்?"

"நெக்ரோவால்னு ஒரு குழு. பெரு நாட்டுல லிமா. நீ பொறக்கறதுக்கு முன்னாடி. இந்த ஒரு கேசட்டுதான். அப்புறம் ஆளுக்கொரு திசையாப் போயிட்டாங்க."

"உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"எனக்குச் சொல்லிக்குடுத்தவர் மலேசியாவுல, ஈப்போவுல இருந்தாரு. அவருக்கு நார்வேக்காரர் ஒருத்தர் தபால்ல அனுப்பினாரு. அந்த நார்வேக்காரருக்கு வேற யாரோ. நகலுக்கு நகல். கேளு."

முதலில் மழை மாதிரி இரைச்சல். அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கிட்டாரும் ஓர் உறுமலும். இதற்கா இவ்வளவு பீடிகை என்று பரிதி நினைத்தான்.

கிட்டார் நின்றது. உறுமல் நின்றது. டிரம்ஸ் மட்டும் ஓடியது.

அவன் நிமிர்ந்தான்.

வலது காலின் அடி கொஞ்சம் பிந்தி விழுந்தது. அதே நொடியில் அவனுடைய வலது காலும் தரையில் தட்டியிருந்தது. அதைக் கொஞ்சம் கழித்துத்தான் உணர்ந்தான்.

"திரும்பப் போடுங்க."

இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு இசைக்கு அடியில் இருந்ததைக் கேட்டான். ஸ்பீக்கரின் ரீங்காரம் இருந்தது. ஒரு மின்விசிறியின் ஓசையும் இருந்தது. கிட்டார் அறுந்த இடத்தில் ரீங்காரமும் அறுந்தது. விசிறி இழுத்து இழுத்து ஓய்ந்தது. மெட்ராஸில் வளர்ந்தவனுக்கு அந்த ஓசையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"மாஸ்டர்... கரண்ட் போயிருக்கு!"

"ம்."

"அவங்க நிறுத்தலை. நின்னுபோச்சு."

"ம்."

"டேப் மட்டும் எப்படி ஓடுச்சு?"

"பேட்டரி."

"டிரம்ஸுக்குக் கரண்ட் வேணாம். அதான் இவரு மட்டும் இருட்டுல வாசிச்சிருக்காரு. பெடல்லருந்து கால் நழுவியிருக்கு. தேடிப் புடிச்சிருக்காரு."

"நார்வேக்காரர் குழுவும் இந்தப் பாட்டை அந்த இடத்துல நிறுத்தித்தான் வாசிச்சாங்க. ஈப்போ குழுவும் அப்படித்தான். நேத்து மழையில நீயும் வாசிச்ச."

பரிதி தன் வலது காலைப் பார்த்தான். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தான். கடல்களுக்கு அப்பால் இருட்டில் பெடலைத் தேடிய ஒரு கால், இந்தப் பாத்திரக் கடையின் தலைக்கு மேல் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

"அவரு பேரு என்ன?"

"கேசட் அட்டையில இல்லை."

"இத்தனை ஊருல வாசிக்கறாங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"யாரு போய்ச் சொல்லுவா?"

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. "தம்பி! செட்டை எறக்கலாமா?"

பரிதி ஜன்னலுக்குப் போனான்.

"அண்ணே, உங்களை வீணா அலைய விட்டுட்டேன். மேல வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்."

"டீ குடிக்கவா தம்பி வில்லிவாக்கத்துலருந்து வந்தேன்?"

திட்டிக்கொண்டே அவர் படியேறும் சத்தம் கேட்டது. பரிதி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, பெடலின் திருகை இறுக்கினான்.

"அன்னிக்கு அவரு வாசிச்சதை எத்தனை பேர் கேட்டாங்க மாஸ்டர்?"

கதவு தட்டப்பட்டது.

"போய்த் திற," என்றாள் எப்சிபா. "கேக்க இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க."