ஏழு வார்த்தையும் ஒரு சோற்றுக் கரண்டியும்

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு ராஜ்யம். அதன் ராஜாவுக்கு இரண்டு பழக்கம். சனிக்கிழமை காலையில் ஒரு சின்னக் கரண்டி விளக்கெண்ணெய் குடிப்பார். மற்ற நேரமெல்லாம் வாய்க்கு வந்தபடி உத்தரவு போடுவார்.

அரண்மனை விகடன் அய்யாக்கண்ணுதான் அங்கே மொழிபெயர்க்கும் துபாஷியும். இங்கிலீஷ் கப்பல்காரன் எழுதிய கடிதத்தை, பிரெஞ்சுக் கப்பல்காரனுக்காக மாற்றி எழுதி ஒரு வெள்ளிக்கிழமை சபைக்குக் கொண்டுவந்தான். இங்கிலீஷ் கடிதத்தில் 'கெட்' (get) என்ற வார்த்தை ஏழு இடத்தில் இருந்தது. சரக்கு கிடைத்தது, காய்ச்சல் வந்தது, கோபம் ஏறியது, ஊர் போய்ச் சேர்ந்தது, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ்காரனுக்கு அதே 'கெட்'தான். பிரெஞ்சில் அது நடக்காது. அய்யாக்கண்ணு இடத்துக்கு ஒன்றாக ஏழு வார்த்தை போட்டிருந்தான்.

துபாஷி வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கித்தரப் பிரதானி திருமேனிக்கு வெகுநாள் ஆசை.

"மகாராஜா, ஒரு வார்த்தைக்கு ஏழா? இவனுக்குப் பிரெஞ்சே தெரியாது. என் மச்சான்னா ஒரே வார்த்தையில முடிச்சிருவான்."

"அதானே! இனிமே என் அரண்மனையில எல்லாத்துக்கும் ஒண்ணு போதும். அய்யாக்கண்ணு, நாளைக்குக் காலையில ஒரே வார்த்தையோட வா. இல்லேன்னா வேலை பிரதானியோட மச்சானுக்கு. உனக்கு மொட்டையும் கழுதையும்."

"உத்தரவு மகாராஜா. 'எல்லாத்துக்கும் ஒண்ணு'ங்கிறதை ஓலையில எழுதி முத்திரை வெச்சுக் குடுத்துட்டா தேவலை."

பிரதானி குஷியாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அய்யாக்கண்ணு அந்த ஓலையோடு நேராகச் சமையற்கட்டுக்குப் போனான்.

மறுநாள் சனிக்கிழமை காலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிரதானியின் இலையில் சோற்றுக் கரண்டி நிறைய எதுவோ வெள்ளையாக விழுந்தது.

"என்னய்யா இது?"

"உப்புங்க."

"இவ்வளவா!"

"எல்லாத்துக்கும் ஒரே கரண்டிதாங்க, ராஜ உத்தரவு," என்ற சமையற்காரர் அதே கரண்டியால் ஊறுகாயையும் கொட்டினார்.

அடுத்து அந்தக் கரண்டி விளிம்பு தளும்ப விளக்கெண்ணெயோடு ராஜாவிடம் வந்தது. ராஜா பின்னால் சாய்ந்தார்.

"அடேய், இது சோத்துக் கரண்டிடா!"

அய்யாக்கண்ணு கையில் ஓலையோடு பணிந்து நின்றான். "சமையக்காரர் முந்தி ஏழு கரண்டி வெச்சிருந்தாரு, மகாராஜா. பாவம், சமையல் தெரியாதவர் போல."

"இதைக் குடிச்சா நான் எப்போடா சபைக்கு வர்றது?"

"அடுத்த வெள்ளிக்கிழமை எதிர்பாக்கலாம் மகாராஜா."

ராஜா கரண்டியைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓலையை முறித்துப் போட்டுவிட்டுத் தன் முத்துமாலையைக் கழற்றி அய்யாக்கண்ணு கழுத்தில் போட்டார். "ஏழும் அப்படியே போகட்டும்! ஆனா, மொண்ட எண்ணெய் வீணாகக் கூடாது," என்று பிரதானி பக்கம் திரும்பினார்.

கடிதம் மத்தியானமே கப்பலேறியது. வழியனுப்பப் பிரதானி வருவது வழக்கம். கூப்பிடப் போன சேவகன் கொல்லைப்புறக் கதவை மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான்.