ஒன்பது வீடுகள், ஒரு பரிவட்டம்

கதையைக் கேட்கும்போது சுவர்களின் மேல் ஒரு கண் வையுங்கள். மனிதர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசியில் ஏமாந்துபோவீர்கள்.

குன்றையூர் ஜமீனில் மலைச்சரிவில் ஒரு தெரு. மேலிருந்து கீழாக ஒன்பது கல்வீடுகள், இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கட்டியவை. அங்கே முதல் வீட்டைத் தவிர யாரும் நான்கு சுவர் எழுப்புவதில்லை. முன்சுவர், பின்சுவர், கீழ்ப்பக்கச் சுவர், அவ்வளவுதான். மேல்பக்கத்துக்கு மேல்வீட்டுக்காரனின் சுவர் இருக்கிறதே! புதிதாக வீடு கட்டுகிறவன் அந்தச் சுவரின் முன் வெற்றிலை பாக்கு வைத்து, "சுவர் தாரியளா?" என்று கேட்பான். "தாங்கிக்கோ" என்பான் மேல்வீட்டுக்காரன். பிறகு புதியவனின் உத்திரங்கள் அந்தச் சுவரில் ஏறும். சுவர் கட்டியவனுக்கே சொந்தம்; அதில் தங்கியிருக்கும் உத்திரம் வைத்தவனுக்குச் சொந்தம்.

தெருமுனையில் ஜமீனின் பாட்டனார் வெட்டிவைத்த கல் ஒன்றும் உண்டு. எந்த வீட்டையும் ஜமீன் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டின் உத்திரத்தை அந்த வீட்டுக்காரன் சம்மதம் இல்லாமல் அசைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது.

ஐந்தாம் வீட்டில் இருந்தவள் செண்பகவடிவு. குளத்து மடையை அடைத்தது ஜமீன் ஆட்கள்தான் என்று கோர்ட்டுக் கச்சேரியில் ஏறிச் சாட்சி சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். உண்மையைச் சொன்னால் ஜமீனுக்குக் கோபம் வராதா என்ன? மறுவாரமே ஜமீன் காரியஸ்தர் வந்துவிட்டார்.

"உன் வீட்டை இடிக்க உத்தரவு. சாட்சியை மாத்திச் சொன்னா உத்தரவையும் மாத்தலாம்."

"இடிச்சுக்கிடும் ஐயா. நான் சொன்னது சொன்னதுதான்" என்றாள் செண்பகவடிவு. சொல்லிவிட்டு உள்ளே போய் உலையில் அரிசி போட்டாள்.

இடிக்க வந்தவர் உள்ளூர்க் கல்தச்சர் குற்றாலம். திறந்த கதவையும் அடுப்புப் புகையையும் பார்த்தார். கடப்பாரையைக் காரியஸ்தர் காலடியில் போட்டார். "சோறு வேகுற வீட்டுல நான் கை வைக்க மாட்டேன்." அன்றே ஜமீன் அரண்மனையில் அவர் பார்த்துவந்த வேலை போயிற்று. மறுநாள் காலை வெளியூரிலிருந்து நான்கு கல்தச்சர்கள் வந்து இறங்கினார்கள்.

அப்போது நான்காம் வீட்டு ஆவுடையப்பன், அதாவது மேல்வீட்டுக்காரன், அரிவாளோடு வாசலுக்கு வந்தான். "எவம்ல என் சுவரைத் தொடுதவன்? தொட்ட கை தோளுல இருக்காது!" தெருவே கூடிவிட்டது. நல்ல கனத்த குரல் அவனுக்கு. காரியஸ்தரே இரண்டடி பின்வாங்கினார் என்றால் பாருங்கள்.

கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, காரியஸ்தர் ஆறாம் வீட்டுக்குள் போனார். அது கீழ்வீட்டுக்காரன் மாசானத்தின் வீடு. மாசானத்துக்கும் செண்பகவடிவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. கூரைத் தண்ணீர் விழுவதில் தொடங்கிய சண்டை. காரியஸ்தர் குழைந்து பேசினார்.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லு மாசானம். உனக்குப் புதுச்சுவர் நாங்க கட்டித் தாரோம். அவ மனையில பாதியும் உனக்கு."

மாசானம் தலையைச் சொறிந்தான். அவனுக்கு ஐந்து பிள்ளைகள், ஒரே அறை. பாதி மனை என்பது சின்ன விஷயமா?

"அவ மூஞ்சியில முழிக்க எனக்குப் பிடிக்காது, எசமான். ஆனா சம்மதம் தரமாட்டேன்."

"ஏன்?"

"தரமாட்டேன். அவ்வளவுதான்."

வீடு தப்பியது. அந்த ஆண்டு கோயில் கொடைத் திருவிழாவில் ஜமீனுக்குப் பரிவட்டம் கட்டுவதில்லை என்று தெரு துணிந்து முடிவெடுத்தது. வீட்டைக் காத்தவருக்கே முதல் மரியாதை. ஆவுடையப்பன், நான்தான் என்றான். குற்றாலம், பிழைப்பை விட்டவன் நான் என்றார். மாசானம் வாயே திறக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். பரிவட்டம் யார் தலைக்கு?

விடை: மாசானம் தலைக்கு. ஆவுடையப்பன் சத்தம் போட்டது உண்மை. ஆனால் அவன் சுவருக்கு என்ன ஆபத்து? அவன் உத்திரங்கள் அவன் சுவரிலும் மூன்றாம் வீட்டுச் சுவரிலும் இருந்தன. செண்பகவடிவின் வீட்டை இடித்தால் அவனுடையது ஒன்றும் அசையாது. அவன் சம்மதத்தை யாரும் கேட்கவே இல்லை. குற்றாலம் பெரிய மனிதர், இழந்ததும் பெரிது. ஆனால் அவர் போட்ட கடப்பாரையை எடுக்க மறுநாளே நான்கு பேர் வந்துவிட்டார்கள். செண்பகவடிவு தானே எழுப்பிய ஒரே பக்கச் சுவர் கீழ்ப்பக்கச் சுவர். அதில்தான் மாசானத்தின் உத்திரங்கள் இருந்தன. தெருமுனைக் கல்லின்படி ஜமீனால் தாண்ட முடியாத "மாட்டேன்" அந்தத் தெருவில் அது ஒன்றுதான். அதையும் அவன் தனக்குப் பிடிக்காத ஒருத்திக்காகச் சொன்னான். எனக்கு அவன் மேல் அளவில்லாத மரியாதை.

கொடையன்று ஜமீன் வரும்வரை பூசையை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆள் வந்தான். பூசாரி தயங்கினார். செண்பகவடிவு தயங்கவில்லை.

"பரிவட்டம் கட்டியாச்சுன்னு போய்ச் சொல்லு" என்றாள்.